மாமியாரைத் திரும்ப வாங்கலாமா?

ஒரு பொருளை விற்பதற்கு முன் அதன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காமல் விற்றால் அதற்குத் திருட்டு என்று பெயர். கணவர் விற்றால் மட்டும் அதற்கு அக்கறை என்று பெயர். டீச்சர் வீட்டில் ஆறு வருடங்களுக்கு முன்பு நடந்தது இந்த இரண்டாவது ரகம்.

டீச்சர் என்றதும் கரும்பலகையையும் சாக்பீஸையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அந்த ஊரில் இன்றைக்கு ஸ்டீயரிங் பிடிக்கும் பெண்களில் பாதிப்பேர் இவரிடம் திட்டு வாங்கியவர்கள். நேரில் 'டீச்சர்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ரெண்டாம் பிரேக்' என்பார்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவருக்குக் கால் வெலவெலத்துப் போகும் நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவரின் கால் வேலை செய்யும். அப்படிப் பதினைந்து வருடம் பிறத்தியார் உயிரைத் தன் பாதத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், டீச்சரின் வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தி முளைத்துவிட்டது. பஸ்ஸில் போனாலும், முன்னால் யாராவது குறுக்கே வந்தால் அந்தக் கால் தரையை மிதிக்கும். தூக்கத்தில் கணவரையும் சில முறை மிதித்ததுண்டு. பழக்கதோஷம் என்று அவர் மன்னித்துவிட்டார். முழுக்கப் பழக்கதோஷம்தானா என்று டீச்சரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

காரின் பெயர் மாமியார். கம்பெனி வைத்த பெயர் அல்ல, முதல் மாணவி வைத்தது. அவர் ஒரு நர்ஸ். முதல் நாள் வண்டியைக் கிளப்பி, பத்தடி போய், நின்று, இறங்கி வந்து சொன்னார்: "டீச்சர், இது சத்தம் போடுது, முணுமுணுக்குது, எது செஞ்சாலும் குறை சொல்லுது. ஆனா நடுரோட்டுல விட்டுட்டுப் போகாது போலிருக்கு. அப்படியே எங்க மாமியார்." பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது டீச்சரின் நிஜ மாமியாரும் அதே வீட்டில்தான் இருந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ தினமும் சாயங்காலம் வாசலுக்கு வந்து, "இன்னைக்கு எத்தனை பேரை அழ வச்சேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார். அவர் காலமான பிறகு அந்த வீட்டில் நகைச்சுவை உணர்ச்சி பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதியை டீச்சர் ஒருவரே சுமந்துகொண்டிருந்தார்.

சாம்பல் நிற வண்டி. இரண்டாவது கியர் போட வேண்டுமென்றால் முதலில் கெஞ்ச வேண்டும், பிறகு மிரட்ட வேண்டும். வலது பக்கக் கண்ணாடியைக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் தூக்கிவிட வேண்டும். ஹாரன் ஜலதோஷம் பிடித்தாற்போல் ஒலிக்கும். பிறந்த வீட்டில் கிடைத்த பங்கை வைத்து டீச்சர் வாங்கியது. ஆனால் பதிவு செய்தது கணவர் பெயரில். "குடும்பத் தலைவர் பேர்ல இருந்தா எல்லாத்துக்கும் வசதி" என்று அன்றைக்கு அவர் சொன்னார். எல்லாவற்றுக்கும் என்றால் விற்பதற்கும் சேர்த்துத்தான் என்பது டீச்சருக்குப் பின்னால்தான் விளங்கியது.

கணவரை ஊர் இன்னும் சூப்பிரண்டு என்றே கூப்பிடுகிறது. அலுவலகத்தில் முப்பது பேருக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கத்த மாட்டார், தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். ஒரே ஒரு குணம். முடிவு எடுத்துவிட்டுத் தகவல் சொல்வார். அலுவலகத்தில் அதற்குச் சுற்றறிக்கை என்று பெயர். வீட்டிலும் அதே நடைமுறைதான். சுவருக்குப் பச்சை அடித்து முடித்த பிறகு "பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்பார். மகளுக்கு எந்தக் கல்லூரி என்று மகளே கடைசியாகத்தான் தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு முடிவும் யாரோ ஒருவரின் நன்மைக்காக இருக்கும். அந்த யாரோவைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்டிருப்பார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு டீச்சருக்குக் கால் முறிந்தது. பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதிக்கிற நூற்றுக்கணக்கான பேரோடு பதினைந்து வருடம் ரோட்டில் அலைந்து ஒரு கீறல் விழாதவர், வீட்டுக் குளியலறையில் சோப்புத் துண்டின் மேல் கால் வைத்து விழுந்தார். மருத்துவமனையில் காலைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். வீடு திரும்பிய அன்று வாசலில் மாமியார் இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு சிவப்புக் கார் நின்றது.

"இனிமே உன் காலுக்குக் கஷ்டமே இல்ல. கியர் போட வேண்டாம், கிளட்ச் மிதிக்க வேண்டாம். எல்லாம் ஆட்டோமேட்டிக். பழசைக் கொடுத்துட்டு இதை எடுத்துட்டேன்" என்றார் சூப்பிரண்டு, நன்றியுரையை எதிர்பார்க்கும் முகத்தோடு.

கிளட்ச் இல்லாத காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துவது எப்படி என்று அவர் யோசித்திருக்கவில்லை. தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலத்தான் அது. அந்த ஊரில் கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள். அவர்களுக்குக் கிளட்ச்தான் பாடம், கிளட்ச்தான் பயம், கிளட்ச்தான் பரீட்சை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. மூன்றாம் மாதம் டீச்சரின் டிரைவிங் ஸ்கூல் போர்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானது. அதுவும் சூப்பிரண்டு எடுத்த முடிவுதான், தொட்டியில் இலை விழக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில்.

டீச்சர் சண்டை போட்டாரா என்றால், இல்லை. அதுதான் வேதனை. "உன் காலுக்காக" என்று சொன்னவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அடித்தவனைத் திருப்பி அடிக்கலாம். போர்வை போர்த்திவிட்டவனை என்ன செய்வது? பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "உனக்காகக் காரையே மாத்தியிருக்காரே, கொடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டீச்சரும் தலையாட்டினார். உள்ளே எரிந்தது. எரிகிறது என்று வெளியே சொன்னால் நன்றி கெட்டவள் என்ற பட்டம் வரும்.

கால் சரியானதும் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கே ஏசி அறையில், திரைக்கு முன்னால் ஒரு ஸ்டீயரிங்கை வைத்து, வீடியோ விளையாட்டு போலக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சரின் மகனாக இருக்கக்கூடிய வயதில் ஒரு மேனேஜர். டீச்சர் ஒரு மாணவியை "கண்ணை எங்க வச்சிருக்கே, வீட்டுலயா?" என்று கேட்டதற்கு, "மேடம், கஸ்டமரைத் திட்டக்கூடாது, பாசிட்டிவா பேசணும்" என்று அறிவுரை சொன்னார். அன்றைக்கு அந்த மாணவி திரையில் ஒரு பஸ்ஸையும் இரண்டு மாடுகளையும் இடித்திருந்தார். "ரொம்ப நல்லா இடிச்சீங்கம்மா" என்று டீச்சர் பாசிட்டிவாகச் சொன்னார். மேனேஜருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பல் டாக்டர் போன் செய்தார்.

பல் டாக்டர் மாமியாரிடம் படித்தவர்களிலேயே மிகவும் பிரசித்தமானவர். ஓட்டுநர் பரீட்சையில் மூன்று முறை தோற்று, நான்காவது முறை அதிகாரியின் பரிதாபத்தில் பாஸானவர். சூப்பிரண்டு மாமியாரைக் கைகழுவியதும், வியாபாரியிடமிருந்து அதை வாங்கியவரும் அவர்தான். பாசத்தால் அல்ல. உலகத்திலேயே அவரால் ஓட்ட முடிந்த ஒரே கார் அதுதான்.

"டீச்சர், வீட்டுல புது வண்டி வாங்கிட்டாங்க. அவங்களே ஓட்டறாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன். மாமியாரைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். உங்ககிட்டக் கேட்காம வேற யாருக்கும் கொடுக்க மனசு வரல."

கேட்காமல் கொடுக்க மனசு வரவில்லை. மூன்று முறை பரீட்சையில் தோற்றவருக்குத் தெரிந்த விஷயம். டீச்சர், "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்று வைத்துவிட்டார்.

யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. காரை வாங்குவது என்றால் வெறும் காரை வாங்குவது அல்ல. பெரிய ஸ்கூல் வேலையை விட வேண்டும், போர்டை மறுபடி மாட்ட வேண்டும், தொட்டியில் இலை விழுந்தால் விழட்டும். வாங்காவிட்டால், மீதிக் காலம் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பொய் மாடுகளைக் காப்பாற்ற வேண்டும். சம்பளத்திலிருந்து ஒதுக்கி வைத்த பணம் இருந்தது. துணிச்சல்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை. காலில் உள்ளே ஒரு கம்பி இருக்கிறது. வயது ஐம்பத்தாறு. போர்டு மாட்டிய பிறகு ஒருத்தரும் வராவிட்டால் ஊர் சிரிக்கும்.

மகளிடம் போனில் கேட்டார்.

"அம்மா, அது வெறும் இரும்பும்மா" என்றாள் மகள்.

"நீ கொண்டையில செருகிட்டுப் போற கிளிப்பும் இரும்புதான். தொலைஞ்சா வீட்டையே தலைகீழாக்குறியே?"

"சரி, வாங்கிட்டு என்ன பண்ணப் போற? இந்த வயசுலயா ஸ்கூல்? அப்பாகிட்டக் கேட்டியா?"

அப்பாவிடம் கேட்டியா என்பது அந்த வீட்டில் எல்லாக் கேள்விகளுக்கும் பொதுவான கடைசிக் கேள்வி. அம்மாவிடம் கேட்டீங்களா என்ற கேள்வி ஏனோ வழக்கத்தில் இல்லை. டீச்சர், "நான் சொல்ற வரைக்கும் உங்கப்பாகிட்ட வாயைத் திறக்காதே" என்று சொல்லி வைத்தார். மாப்பிள்ளை பின்னணியிலிருந்து, பழைய வண்டி வாங்குவது ஏன் முட்டாள்தனம் என்று ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தார். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது இன்றைக்கும் யாராவது இறங்கி நின்று "வா, வா" என்று சொல்ல வேண்டும்.

பழைய மெக்கானிக்கிடமும் கேட்டார். "பார்க்காமலே சொல்றேன் டீச்சர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும். வேண்டாம்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "வாங்கினா எங்கிட்டயே கொண்டு வாங்க" என்று முடித்தார். ஒரே மூச்சில் இரண்டு கட்சியிலும் நின்ற அந்தச் சாமர்த்தியம் டீச்சருக்குப் பிடித்திருந்தது.

விடுமுறை நாளில், சிவப்புக் காரை எடுக்காமல், பஸ் பிடித்துப் பல் டாக்டர் வீட்டுக்குப் போனார். போகும் வழியில் பஸ் டிரைவருக்காகப் பலமுறை பிரேக் போட்டார்.

மாமியார் ஷெட்டில் நின்றது. பின்பக்கக் கதவில் புதிதாக ஒரு கோடு, முன்பக்கம் ஒரு நசுங்கல். அவை எந்தத் தூண்களிலிருந்து வந்தவை என்பதை டாக்டரின் முகமே சொன்னது. டீச்சர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். டாக்டரும் மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார் வாங்க வந்த டீச்சர் இடது பக்கம். கார் விற்கிற டாக்டர் ஸ்டீயரிங்குக்கு முன்னால், முதுகு நிமிர்ந்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை போல.

"போங்க, என்னதான் மறந்திருக்கீங்கன்னு பார்ப்போம்" என்றார் டீச்சர்.

எல்லாமே மறந்திருந்தார். "டாக்டர், கிளட்ச்சுல இருந்து காலை எடுங்க. அது செருப்பு விடற இடம் இல்ல." "கண்ணாடியில பல்லைப் பார்க்காதீங்க, பின்னாடி லாரியைப் பாருங்க." "ரெண்டாவது கியரைப் பிடுங்காதீங்க, அதென்ன கடைவாய்ப் பல்லா?" டீச்சர் திட்டத் திட்ட டாக்டரின் முகம் மலர்ந்தது. டீச்சரின் மனசும்தான். ஆறு வருடமாக அடக்கி வைத்த திட்டெல்லாம் மடை திறந்து வந்தது. யாரும் பாசிட்டிவாகப் பேசச் சொல்லவில்லை.

கடைத்தெரு முனையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். டீச்சரின் கால் பாய்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

வெறும் தரை. பிரேக்கும் கிளட்ச்சும் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள், ரப்பர் போட்டு அடைத்திருந்தது. விற்பதற்கு முன் கழற்றியிருக்கிறார்கள். பஸ்ஸில் வெறும் தரையை மிதிக்கும்போது டீச்சருக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இந்தத் தரையை மட்டும் கால் இரண்டாவது முறையும் மிதித்துப் பார்த்தது. அதற்குள் டாக்டரே, சற்றுத் தாமதமாக, பிரேக் போட்டுவிட்டார். சைக்கிள்காரர் நல்ல கெட்ட வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"இறங்குங்க. நான் ஓட்டறேன்" என்றார் டீச்சர்.

வலது பக்கம் மாறி உட்கார்ந்தபோதுதான் ஒரு வேடிக்கையான உண்மை உறைத்தது. பதினைந்து வருடத்தில் இந்தக் காரை அவர் ஓட்டியதே குறைவு. காலையில் வகுப்புக்கு வீட்டிலிருந்து மைதானம் வரை, சாயங்காலம் மைதானத்திலிருந்து வீடு வரை. மற்ற நேரமெல்லாம் பிறர் ஓட்ட, இவர் பக்கத்தில் இருந்து அவர்கள் சாகாமல் பார்த்துக்கொண்டார். தன் வண்டியில் தனக்காக எங்கேயும் போனதில்லை.

ஊரைத் தாண்டி வெளிவட்டச் சாலைக்குப் போனார். இரண்டாவது கியரைக் கெஞ்சினார், மிரட்டினார், விழுந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டார். உள்ளே கிராம்பு எண்ணெய் வாசனை. கியர் பாக்ஸ் சன்னமாகப் பாடியது. கால் வைக்கும் இடத்தில் துரு பிடித்து, ஓரமாகச் சாலை தெரிந்தது. மெக்கானிக் சொன்ன சுமைகூலி கண்ணெதிரே நின்றது. எல்லாம் தெரிந்தும் டீச்சருக்குச் சந்தோஷமாக இருந்தது. வாயைத் திறந்து சிரிக்கிற அளவுக்குச் சந்தோஷம். முறிந்த கால் கிளட்ச்சை மிதித்தது, விட்டது, மிதித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் வலித்தது, பரவாயில்லை.

ஷெட்டுக்குத் திரும்பி வந்து என்ஜினை நிறுத்தினார். "வாங்கிக்கிறேன் டாக்டர்" என்றார்.

டாக்டர் ஊசியைப் பார்த்த நோயாளி மாதிரி விழித்தார்.

"என்ன, வேற யாருக்காவது சொல்லிட்டீங்களா?"

"இல்ல டீச்சர். அது வந்து... போன வாரம் சூப்பிரண்டு சார் பல் பிடுங்கிக்க வந்தாரு. நீங்க ரெண்டு பேரும் பேசியிருப்பீங்கன்னு நினைச்சு, மாமியார் விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்டுட்டேன். அவர் வாயில பஞ்சு வச்சிருந்தேன், அதனால அப்ப ஒண்ணும் சொல்லல. பஞ்சை எடுத்ததும் உடனே முழுப் பணத்தையும் கொடுத்துட்டாரு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற. ரிப்பன் எல்லாம் கட்டி வாசல்ல நிறுத்தணுமாம்."

டீச்சர் சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் யோசித்தது, பயந்தது, துணிந்தது, எல்லாம் வீண். தகவல் வந்துவிட்டது. சுற்றறிக்கை ரிப்பனோடு வருகிறது. நாளைக்கு வாசலில் கார் நிற்கும், அக்கம்பக்கம் கூடும், கொடுத்து வைத்தவள் என்பார்கள், டீச்சர் மறுபடி தலையாட்ட வேண்டும். விற்றதற்கு ஒரு நன்றி, வாங்கியதற்கு ஒரு நன்றி. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே, அந்த வீட்டில் சூப்பிரண்டு எதை உடைத்தாலும் மண்குடம்தான். ஒட்டவைத்தால் மட்டும் அது பொன்குடமாகிவிடும்.

"வண்டி இங்கயே இருக்கட்டும் டாக்டர். நான் சொல்ற வரைக்கும் ரிப்பன் வேண்டாம்" என்று இறங்கினார்.

வீட்டில் சூப்பிரண்டு நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவருக்கு நாளைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆனாலும் மடிப்பு மடிப்புதான்.

"பல் எப்படி இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

அந்தக் கேள்வியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சொல்லிட்டானா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"ஏங்க, எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. எதுக்கு வாங்கினீங்க?"

"உனக்காகத்தான். ஆறு வருஷமா நீ ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அந்தச் சிவப்பு வண்டியில நீ ஏறும்போது உன் மூஞ்சியைப் பார்த்திருக்கேன்."

"விக்கும்போதும் எனக்காகத்தான் வித்தீங்க. இப்ப வாங்கறதும் எனக்காக. ரெண்டு தடவையும் நான் எங்கங்க இருந்தேன்? ஒரு தடவை ஆஸ்பத்திரியில, ஒரு தடவை அந்த ஏசி ரூம்ல. ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா? இந்தத் தடவை நிஜமாவே வலிச்சிருக்கும், பல் பிடுங்கினீங்க. அந்தத் தடவை?"

சூப்பிரண்டு சட்டையின் காலரை இழுத்து விட்டார். நேராக இருந்த காலரை.

"அன்னைக்கே திட்டியிருக்கலாம். முடியல" என்றார் டீச்சர். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டார். "என் காலுக்காகன்னு சொல்லிட்டீங்க. நல்லது செஞ்சவரை எப்படித் திட்டறது? என் ஸ்கூல் போச்சு. நான் உங்களுக்கு நன்றி சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். பிறகு சட்டையைப் பார்த்தே சொன்னார்: "உன் காலுக்காக இல்ல."

"என்ன?"

"வித்தது. உன் காலுக்காக இல்ல. எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது." நிறுத்தினார். "எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தியே, ஞாபகம் இருக்கா? மூணே நாள். மூணாவது நாள் சந்தை முன்னாடி. கிளட்ச்சை விட்டேன், வண்டி துள்ளிடுச்சு. நீ உன் பக்கத்து பிரேக்கைப் போட்டே. போட்டுட்டு, 'இறங்குங்க, அடுத்த ஆள் உட்காரட்டும்'னே. என் ஆபீஸ் ஆளுங்க நாலு பேர் அங்க நின்னுட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் நான் ரிட்டையர் ஆகற வரைக்கும், நான் ரூமை விட்டு வெளிய போனதும் யாராவது ஒருத்தன் 'இறங்குங்க'ன்னு சொல்வான். மத்தவங்க சிரிப்பாங்க. தினமும் சாயங்காலம் அந்த வண்டி வாசல்ல வந்து நிக்கும். நீ ஆஸ்பத்திரியில இருந்த... தள்ளிவிட்டுட்டேன்."

டீச்சர் நினைவுபடுத்திப் பார்த்தார். சந்தை நினைவிருந்தது, வெயில் நினைவிருந்தது. அந்த வார்த்தை மட்டும் நினைவில் இல்லை. சொல்லியிருப்பார். எல்லோரிடமும் சொல்வார். இன்றைக்குக் காலையில்கூடச் சொன்னார், டாக்டர் சிரித்துக்கொண்டே இறங்கினார். இந்த மனிதரும் இறங்கினார், இறங்கியவர் இத்தனை வருடம் ஏறவே இல்லை. பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அப்பாடா என்று இருந்தது அந்த ஆத்திரம். ஆறு வருடமாக நன்றி என்ற மூட்டையின் அடியில் மூச்சுத் திணறிக் கிடந்தது, இப்போதுதான் எழுந்து நின்றது.

"இதுக்காக என் ஸ்கூலை மூடினீங்க!"

"ஸ்கூல் போகும்னு நினைக்கல. கார் மட்டும் போகும்னு நினைச்சேன்."

"ஒரு மண்ணும் நினைக்கல நீங்க!"

அதன் பிறகு டீச்சர் திட்டினார். வாசலில் போனவர்கள் நின்று கேட்கும்படி திட்டினார். பச்சைச் சுவர், மகளின் கல்லூரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வரிசையாக வந்தன. சூப்பிரண்டு குறுக்கே பேசவில்லை. இடையில் ஒரே ஒரு முறை, "அந்த நாலு பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். டீச்சர் மூச்சு வாங்க நின்று, "ஆமா, வேண்டாம்தான்" என்று ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவர் கேட்டார், "இப்ப என்ன செய்யலாம்?"

கேள்விக்குறியோடு ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம். டீச்சர் அவசரப்படாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கொடுத்த பணத்தை டாக்டர்கிட்டப் போய்த் திருப்பி வாங்கிக்கோங்க. நான் என் பணத்தைக் கொடுத்து, என் பேர்ல வாங்கறேன். பெரிய ஸ்கூல் வேலையை விடறேன். ஓடினாலும் என் பாடு, ஓடலேன்னாலும் என் பாடு."

"துரு பிடிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னான். மெக்கானிக் செலவு..."

டீச்சர் பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் பஸ்ஸில் போனார்கள். கணக்கெல்லாம் முடிந்து, டாக்டர் கண் கலங்க மாமியாருக்கு விடைகொடுத்தார். டீச்சர் வலது பக்கம் ஏறினார். சூப்பிரண்டு, சிவப்புக் காரில் உட்கார்கிற பழக்கத்தில், முன்பக்க இடது கதவைத் திறந்தார்.

"பின்னாடி உட்காருங்க" என்றார் டீச்சர்.

"ஏன், இங்க யாரும் இல்லையே?"

"அது டீச்சர் உட்கார்ற இடம். நாளைக்கே அங்க பிரேக் மாட்டப் போறேன்."

அவர் பின்னால் போய், முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். வண்டி முணுமுணுத்துக்கொண்டே கிளம்பியது. கடைத்தெருவில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் கடை வாசலிலிருந்து, "டீச்சர், மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா? என் தங்கச்சிக்கு ஒரு இடம் வச்சிருங்க" என்று கத்தினாள். டீச்சருக்குக் கண் நிறைந்தது. சாலை மங்கலாகத் தெரிந்ததால், புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

அடுத்த முனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. வழக்கமாக அந்தச் செருமலுக்குப் பின்னால் ஒரு முடிவு வரும்.

"ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார் சூப்பிரண்டு.

டீச்சர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். முகத்தில் நடிப்பு இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

"வேண்டாம்" என்றார்.

"சரி" என்றார் அவர். வீடு வரும்வரை சொல்லவில்லை.